பன்னிரண்டு தோட்டாக் கூடுகள்

மூன்றாவது தோட்டாக் கூட்டைத் தட்டியபோதுதான் பெஹியா அதைக் கவனித்தாள். வெளியே சந்தில் யாரோ ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவள் சுத்தியல் விழுந்ததும் ஓட்டம் நின்றது. தேய்ந்து அடங்கவில்லை, எடுத்த கால் தரையைத் தொடாமலே போனதுபோல அறுந்து நின்றது.

எட்டிப் பார்த்தாள். நிலக்கரிப் புகையும் ஜனவரிப் பனிமூட்டமும் கலந்து எதிர்க்கடைப் பலகைவரை அடைத்து நின்றன. செம்பு கொட்டுபவர்களின் கஸாஞ்சிலுக் சந்தில், கல் பாவிய தரையில், ஒரு பூனைகூட இல்லை.

"யாராவது ஓடினாங்களா?"

உள்ளே அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்த ஸியாத், அவள் கணவன், திரும்பாமலே சொன்னான்: "இந்த வழுக்கல்ல ஓடினா பல்லுதான் மிஞ்சாது."

மேசைமேல் பன்னிரண்டு கூடுகள். வினிகரில் கொதிக்கவைத்துத் துடைத்த பித்தளை, புதிதுபோல மின்னியது. ஏதோ மாநாட்டு விருந்தினர்களுக்குப் பன்னிரண்டு பேனாக்கள்; மூன்று மணிக்கு ஆள் வருவான். முதல் வேலை, கூட்டின் அடியில் பதிந்திருக்கும் பொட்டளவு மூடியை உள்ளிருந்து ஊசிக்கம்பியால் ஒரே தட்டில் வெளியே தள்ளுவது. துப்பாக்கியின் குத்து விழுந்த பள்ளம் அந்த மூடியில்தான் இருக்கும். அது போன பிறகு செதுக்கல், மை நாளம், செம்பு முனை. போர் முடிந்து முப்பது வருடமாக இந்த நகரத்தில் யார் வீட்டைத் தோண்டினாலும் கூடுகள் கிடைத்தன. அவள் எத்தனை ஆயிரம் தட்டியிருப்பாளோ.

நான்காவதை நிமிர்த்தி வைத்தாள். வெளியே கனத்த பூட்ஸ்கள், மூச்சு வாங்கும் ஆண்பிள்ளை ஓட்டம். தட்டினாள். நின்றது. ஐந்தாவதற்குக் குதிகால் செருப்பு. நின்றது. வினிகர் வாசனைக்கு அடியில் வேறொன்று மூக்கில் ஏறியது, சற்றுமுன் வெடித்த துப்பாக்கி மருந்தின் கரிப்பு. ஆறாவதற்காகச் சுத்தியலை ஓங்கியபோது வெளியே மிகச் சின்னக் கால்கள், ஓட்டத்துக்கு நடுவே ஒரு துள்ளல். நிறுத்தத்தான் நினைத்தாள். பழகிய கை முடித்துவிட்டது.

துள்ளல் நின்றது.

"இந்தக் கூடுங்களை அந்தக் கொத்தனார் நுஸ்ரெத் எங்கேர்ந்து கொண்டுவந்தான்?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டைப் புதுப்பிக்கிறானாம். நாலாவது மாடி. ஜன்னலோரம் பலகையைப் பேத்தா, அடியில வரிசையா அடுக்கி வெச்சிருந்துதாம்."

"அடுக்கியா?"

"போர்ல அங்கேர்ந்து தெருவுல போறவங்களைச் சுட்டவன், ஆளுக்கொண்ணுன்னு கணக்குக்கு வெச்சிருப்பான், படுபாவி." ஸியாத் அடுப்புக் கதவைச் சாத்தினான். "ஏன், முகம் வெளுத்துக் கிடக்கு?"

அவள் கை தானாக மேசைக்குப் போயிருந்தது. விரல் ஏழாவது கூட்டின்மேல் பட்டிருந்தது. வெளியே ஓட்டம் தொடங்கிவிட்டது. அதனோடு தண்ணீர் தளும்பும் சத்தம். பிளாஸ்டிக் கேன் ஒன்று தொடையில் இடித்து இடித்து, இரண்டடிக்கு ஒருமுறை. வலது ஷூ பெரிது. தரையில் இழுபட்டு வரும்.

மெவ்லிதா. அவள் அக்கா. பத்தொன்பது வயது.

போர் நாளில், தண்ணீர் எடுத்துத் திரும்பும்போது, இருவரும் குறுக்குச் சாலையோரம் தோட்டாவுக்கு மறைப்பாக நிறுத்திவைத்த சரக்கு இரும்புப் பெட்டியின் பின்னால் குந்தியிருந்தார்கள். பதினைந்து வயது பெஹியாதான் தலையை நீட்டிப் பார்த்தாள். அவள்தான் சொன்னாள், போ, யாரும் இல்லை என்று. அக்கா சாலையின் பாதியைத் தாண்டவில்லை.

இப்போது ஓட்டம் கதவருகே வந்தது. கடந்தது. மறுபடி வந்தது. நிற்க இடமில்லாமல், சேர ஊரில்லாமல். நடுவே மூச்சிரைப்பில் ஒரு குரல்.

"பெஹியா. போலாமா?"

"குடு இங்க, நான் தட்டறேன்," என்று ஸியாத் கை நீட்டினான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் கூட்டைப் பறித்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். சூடாக இருந்தது.

"மிச்சத்தைத் தொடாதே ஸியாத். சத்தியமா சொல்றேன். தொடாதே."

"காய்ச்சலா உனக்கு? எங்க கிளம்பிட்ட?"

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். அக்காவைத் தட்டி நிறுத்தவும் முடியாது, ஓடவிட்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது. மீதம் ஒரு வழிதான் தெரிந்தது. அந்தச் சாலையைக் கடக்கவைக்க வேண்டும்.

டிராமில் ஏறினாள். பனிமூட்டத்துக்குள், ஜன்னலுக்கு மிக அருகில், தண்ணீர் தளும்பிக்கொண்டே வந்தது. டிராம் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது. மற்றவர்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மரியின் த்வோர் நிறுத்தத்தில் இறங்கி அந்தக் குறுக்குச் சாலையின் விளிம்பில் நின்றாள். இரும்புப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு பூக்கடை. ஆற்றுக்கு அப்பால் கட்டிடங்கள் புகைக்குள் மங்கலாக. முதுகுக்குப் பின்னால் மூச்சு.

"போலாமா?"

நாலாவது மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண் கரித்தது. பார்த்து முடித்தாள்.

"போ அக்கா. நானும் வரேன்."

ஓட்டம் அவள் தோளை உரசிப் போனது. தளும்பல் சாலையின் பாதியைத் தாண்டியது. முக்கால். எதிர்ப்புற நடைபாதையில் ஒரு கேன் கீழே வைக்கப்படும் சத்தம், பிறகு, களைத்துப் போனவர்கள் விடும் நீண்ட மூச்சு ஒன்று. பெஹியா வாய்பொத்தி அழுதாள். உள்ளங்கையில் கூடு குளிர்ந்துவிட்டது.

சாலைக்குள் இரண்டடி வைத்தாள். அப்போதுதான் பின்னால் கேட்டது.

மூச்சுகள். ஒன்றல்ல. நெருக்கியடித்துக் குந்தியவர்களின் மூச்சு. முறைக்காகக் காத்திருப்பவர்கள்.

கோட்டுப் பையில் தொலைபேசி அடித்தது.

"எங்க இருக்க?" ஸியாத். "பயப்படாதே, நானே உட்கார்ந்துட்டேன். அஞ்சுதானே பாக்கி. நீ போய் டாக்டரைப் பாரு."

"வேண்டாம். ஸியாத், கீழ வை—"

டக்.

பின்னால் ஒரு மூச்சு நின்றது. அவள் கோட்டின் நுனியை ஒரு கை பற்றியது.

"எங்களையும்," என்றது யாரோ.

டக்.

இன்னொரு கை. கோட்டு தோளிலிருந்து இழுபட்டது. கத்தினாள், தொலைபேசியில் சுத்தியல் மட்டும். டக். இடுப்பருகே ஒரு கை. டக். கால் எடுத்தாள். நகரவில்லை.

டக்.

"அம்மா, பச்சை விழுந்துடுச்சு, நடங்க," என்று யாரோ ஒருவன் அவளைச் சுற்றிக்கொண்டு போனான். எதிரே டிராம் வந்து நின்றது. அதன் கண்ணாடியில் அவள் தன்னைப் பார்த்தாள். தனியாகத்தான் நின்றிருந்தாள். கோட்டு மட்டும் பின்னுக்கு விறைத்து நீண்டிருந்தது, தரைவரை. அதன் ஓரத்தில் ஐந்து முஷ்டிகள், விரல் எலும்பு வெளுக்க, இன்னும் விடாமல்.