அழாதவளின் பாட்டு

இரண்டாவது சரணம் முடிந்து புல்லாங்குழல் எழும் இடத்தில் யாரோ அழுதார்கள். சாய்ப்ரியா ஹெட்போனைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிற்பகல் மூன்று மணி. வடவள்ளி வீட்டில் அவளைத் தவிர ஆளில்லை. கணவன் கதிர்வேல் மில்லுக்குப் போயிருந்தான். மறுபடி மாட்டினாள். அழுகை இருந்தது.

அவள் பாடிய அந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்த தாரிக்கைப் போனில் கூப்பிட்டாள்.

"பாட்டுல அழுகைச் சத்தம் நீங்க சேர்த்தீங்களா, தாரிக்?"

"இல்லீங்க்கா. உங்க குரலும் குழலும் மட்டுந்தானுங்க." கொஞ்சம் தயங்கினான். "மனசு சரியில்லையாட்ட இருக்குதுங்க. சித்த நேரம் படுங்க்கா."

அந்தப் பரிவுதான் அவளைக் கூச வைத்தது. ஆறு வயது மகள் கனிஷ்கா டெங்குவில் போன அன்று, துக்கம் கேட்க வந்தவர்களை, "உக்காருங்க, காப்பி குடிங்க" என்று உபசரித்தவள் அவள். கல்யாண வீட்டில்கூட அப்படிக் கவனிப்பு இருந்திருக்காது. பிள்ளையைத் தூக்கியபோது, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவதைப் போல, "போயிட்டு வா கண்ணு" என்றாள். எழவு வீட்டில் யாரும் சொல்லாத சொல். அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

மூன்றாம் நாள் குழிமேட்டில் பால் தெளித்துவிட்டு வந்து, அடுப்படியில் நின்றபடியே அந்தப் பாட்டை எழுதினாள்.

அரிசி களைந்தேன், உலை வைத்தேன்,
அழத்தான் எனக்கு நேரமில்லை.

அவளே பாடினாள். குரல் பிசிறவில்லை. ஊரே கேட்டு அழுதது. பாராட்டு வர வர, நானும் ஒரு தாயா என்று குறுகிப்போனாள்.

பாட்டை மீண்டும் ஓடவிட்டாள். அழுகை இப்போது முதல் வரியிலேயே தொடங்கியது. மூக்குறிஞ்சல், மூச்சை இழுத்து இழுத்து வரும் விம்மல், நடுநடுவே "கண்ணு, கண்ணு" என்று ஒரு பிதற்றல். அவளுடைய குரல்.

பாட்டை நிறுத்தி ஹெட்போனைக் கழற்றினாள். அழுகை நிற்கவில்லை.

கனிஷ்காவின் அறையிலிருந்து வந்தது. மூன்று மாதமாகச் சாத்திய கதவு. அதன் அடியிலிருந்து நிலவேம்புக் கஷாயத்தின் கசந்த வாசம். காய்ச்சல் உடம்பின் சூடு.

ஓடிவிடத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையின் அறைக்குப் பயப்படுவதா?

தள்ளினாள்.

கட்டிலில் ஒருத்தி. இவளுடைய முகம். அழுது வீங்கிய முகம். மடியில் கனிஷ்கா, அவள் கழுத்தைக் கட்டியபடி.

சாய்ப்ரியா கையை நீட்டினாள். குழந்தை பின்வாங்கி அழுதவளோடு ஒட்டிக்கொண்டது.

"அம்மா, அவங்க யாருங்க?"

அழுதவள் நிமிர்ந்தாள். இவளைப் பார்க்கவிடாமல், ஈரக் கையால் பிள்ளையின் கண்களைப் பொத்தினாள்.