பட்டை பூட்டிய நாற்காலி

ஏரிச் சேற்றிலிருந்து சுப்பன் இழுத்து வந்தபோதே அந்த நாற்காலியின் பட்டைகள் பூட்டியிருந்தன. உள்ளே ஆள் இல்லை.

போன வாரம் ஏரிக்கு அப்பால் கடலோரம் விமானம் விழுந்தது. ஓட்டியவன் உடம்பு இன்னும் கிடைக்கவில்லை. பட்டையைக் கழற்றாமல் எப்படி வெளியே போனான்? இருசம்மாள் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ப்ளேன் விழறப்போ ஆளோட வெளியே பாயற சீட்டாம். இறால் வாங்க வர்ற அந்தோணிசாமி சொன்னான்," என்றான் அவள் புருஷன் சுப்பன். "இது இன்னும் வெடிக்கலையாம், காலுக்கு நடுவுல இருக்கிற வளையத்த இழுத்தாதான் வெடிக்குமாம். துணி சுத்தி கட்டிட்டேன். புள்ளைய சேத்துல போடறதுக்கு இது தேவலாமே."

"உன் மூளையையும் சேத்து கட்டி வெச்சிருக்கலாம்யா."

ஆனாலும் கைக்குழந்தையை அதில்தான் படுக்க வைத்தாள். இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினால்தான் இராத்திரிக்குச் சோறு. பட்டைகளைச் சுப்பன் கழற்றித் தொங்கவிட்டான்.

ஒல்லாந்தர் கல்லறைப் பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வி, கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போனாள். விரலிடுக்கில் இறால் துள்ளியது, அழுகிய பாசி நாறியது, அந்த நாற்றத்துக்கு அடியில் எங்கிருந்தோ மண்ணெண்ணெய் வாடையும் வந்தது.

ஏதோ அவள் கையைப் பிடித்தது.

நண்டு. பிடித்தால் இழுக்கக்கூடாது, இழுத்தால் விரல் போய்விடும். தண்ணீருக்குள்ளேயே ஆடாமல் வைத்திருந்தால் தானாக விடும். அசையாமல் இருந்தாள்.

"இன்னா, நண்டா?" தள்ளிப் போய்க்கொண்டிருந்த சுப்பன் சிரித்தான். "ஆடாத. உன் மூஞ்சிய பாத்தா அதுவே உட்டுடும்." முதுகைக் காட்டிக்கொண்டு தடவப் போனான்.

வாயில் பறி. பதில் சொல்ல முடியவில்லை.

கொடுக்கு குத்தவில்லை. மெத்தென்று இருந்தது. ஊறிப்போன தோல். தோலுக்குள் விரல்கள்.

பழகிய கை இழுக்க மறுத்தது. ஆடாதே. விடும்.

கரையில் குழந்தை முழித்துக்கொண்டு மழலை பேசியது. யாருடனோ.

டக்.

பட்டை பூட்டும் சத்தம்.

அவள் கையைப் பிடித்திருந்தது விட்டது. நண்டு விடுவதுபோலவே. தானாக.

எழுந்தாள். பறி தண்ணீரில் விழுந்தது.

துணி அவிழ்ந்து சேற்றில் கிடந்தது. பட்டைகள் மார்பில் இறுகியிருக்க, குழந்தை சிரித்தது. மஞ்சளும் கறுப்புமான வளையத்தில் அதன் சின்னக் கை.

அந்தக் கையின்மேல், நீர் சொட்டச் சொட்ட, ஒரு தோல் கையுறை.