ஸ்டாண்டு பூஜையில் இருந்த மதியம்

விரல்கள் குளிர்ந்திருந்தன.

அமுதவல்லி நீட்டிய ஸ்பேனரை வாங்க, பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து கணவனின் கை வந்தது. மதியம் இரண்டு மணி. வாசல் சிமெண்டுத் தரை அவள் காலைச் சுட்டது. அதே தரையில் ஒரு மணி நேரமாக மல்லாந்து கிடப்பவனின் விரல்கள் கிணற்றுத் தண்ணீரில் ஊறியவை போல இருந்தன. வேர்வை என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ஆயுத பூஜை. கணவன் மாதவராஜ் போன வாரம் வாங்கிய மூன்று டன் ஜாக்கும் இரண்டு ஸ்டாண்டுகளும் சாமி படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு இருந்தன. ஜாக் தூக்க மட்டும்தான், தாங்குவது ஸ்டாண்டுதான், அது இல்லாமல் அடியில் தலையை விடக் கூடாது என்று அவனே அவளுக்குச் சொல்லியிருந்தான். விடிந்தால் பாலக்கோட்டுக்குத் தக்காளி லோடு. கியர்பாக்ஸ் போல்ட் கழன்றிருந்தது. ஸ்டாண்டை எடுக்கப் போனவனை அவள்தான் தடுத்தாள்.

"பூஜைல வெச்சத நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக் கூடாதுங்க."

அப்ப சாமி வந்து வண்டியத் தாங்குமா என்று கேட்டுவிட்டு வெளியே போனான். ஸ்பேனரைப் பக்கத்து வீட்டு சவரியிடம் வாங்கினான்; சவரி வீட்டில் மாதா படம்தான், அங்கே ஸ்பேனருக்குப் பூஜை கிடையாது. வண்டியோடு வந்த பழைய ஜாக்கால் தூக்கி, வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்குக் கீழே இரண்டு ஹாலோ பிளாக் கல்லை அடுக்கினான்.

அவள் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது வெளியே பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ பூசணிக்காய் உடைக்கிறார்கள் என்று கடுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவெல்லாம் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் வெளியே வந்து அவனுக்கு ஸ்பேனரை நீட்டினாள்.

"பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் குடு."

வண்டிக்கு அடியிலிருந்து வந்த குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மூச்சு வாங்கும் சத்தம் இல்லை. டீசல் வாசனையோடு இன்னொரு வாசனை. ஈர இரும்பு. வண்டிக்கும் தரைக்கும் நடுவே இருந்த வெளிச்சம் குறைந்திருந்தது. முன்பு அவன் முழங்கால் மடக்கியிருந்தது தெரிந்தது. இப்போது தெரியவில்லை.

குனிந்தாள்.

ஹாலோ பிளாக் இல்லை. சாம்பல் தூள். அவன் நெஞ்சின் மேல் சேஸ். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

கை மட்டும் நீண்டிருந்தது. காத்திருந்தது.

அவள் கத்தவில்லை. உள்ளே போய், சந்தனப் பொட்டு வைத்த ஜாக்கையும் ஸ்டாண்டுகளையும் தூக்கி வந்தாள். பிறகு சவரியைக் கூப்பிட்டாள். சவரி ஜாக்கால் வண்டியைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டு அவனை இழுத்தார். உடம்பு முழுதாக வெளியே வந்தது. மூக்கருகே கை வைத்துப் பார்த்தார்.

"எப்பவோ போயிட்டாரும்மா."

இப்பத்தான் ஸ்பேனர் கேட்டாரு என்று அமுதவல்லி சொன்னாள். சவரி பெட்ஷீட்டால் மூடினார். ஆட்கள் வந்தார்கள். யாரோ அவளை உட்கார வைத்தார்கள். அழுகை வரவில்லை. எதுவும் வரவில்லை. பெட்ஷீட்டைப் பார்த்தாள். இரண்டு பாதங்களின் மேடு தெரிந்தது.

வண்டியைப் பார்த்தாள்.

அடியில் இரண்டு உள்ளங்கால்கள். ஒன்று இன்னொன்றைச் சொறிந்தது. வேறு யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு அந்தக் கால்கள் மெல்ல நகர்ந்தன. பக்கத்தில் இன்னொரு ஆள் படுக்க இடம் விட்டன.