இருபதாவது பிரசவம்

ஏழாவது குழந்தையின் கால்களைத் துடைக்கும்போதுதான் டெல்பின் அதைக் கவனித்தாள். இரண்டு கால் பெருவிரல்களையும் சுற்றி, நெடுநாள் போட்டிருந்த மோதிரத்தைக் கழற்றினால் தெரிகிற மாதிரி, வெளிறிய ஒரு கோடு. குழந்தை பிறந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சூட்டு விளக்கின் கீழ் கிடந்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அழ அழ அதன் உடம்பு நீலம் விலகிச் சிவந்துகொண்டு வந்தது. அந்தக் கோடு மட்டும் சிவக்கவில்லை.

குழந்தையின் மேல் படிந்து வரும் வெள்ளை மாவாக இருக்கும் என்று துணியால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தால், குறுக்கும் நெடுக்குமாக நெய்த நூலின் தடம்கூட அதில் தெரிந்தது. பேண்டேஜ் துணியின் தடம்.

"என்னக்கா, அங்கனயே நின்னுட்டியோ? எடை போட்டாச்சா?" என்றாள் சாலோமி, தாயின் பக்கத்திலிருந்து.

"இந்தா போடுதேன் சிஸ்டர். ஒரு நிமிஷம் இங்கன வாங்களேன்."

பிரசவ அறையின் பொறுப்பு நர்ஸ் சாலோமிதான். டெல்பினைவிட நான்கு வயது இளையவள். படிப்பு முடித்த கையோடு இந்த அறைக்கு வந்து, வேறெங்கும் போகாமல் ஆயிரக்கணக்கில் பிள்ளைகளைக் கையில் வாங்கியவள். வந்து பார்த்தாள். குழந்தையின் பாதத்தை விரலால் சுண்டினாள். அது காலை உதறியது.

"கொடி சுத்தியிருக்கும். ரெண்டு நாள்ல மறைஞ்சிரும். நீங்க இன்னும் ஐ.சி.யூ. கண்ணோடயே பாக்கியோக்கா."

டெல்பின் சிரித்துவைத்தாள். அவள் ஐ.சி.யூ.வில் ஏழு வருடம் இருந்தவள். அங்கே ஒருவர் இறந்துபோனால், குழாய்களை உருவி, உடம்பைத் துடைத்து, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் பேண்டேஜ் துணியால் சேர்த்துக் கட்டி அனுப்புவது டியூட்டியில் இருக்கும் நர்ஸின் வேலை. அந்த முடிச்சை அவள் எத்தனை முறை போட்டிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆற்றைப் பார்த்தபடி இருந்த அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது லேசான காரியம் இல்லை. ஆகஸ்டு மாதம் அவள் மனு கொடுத்தபோது மேட்ரன் பார்வதியம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "ஏழு வருஷம் ஒரே இடத்துல இருந்துட்டு இப்பம் என்ன திடீர்னு?"

"போறவங்களப் பாத்தது போதும் மேடம். வாறவங்களப் பாக்கணும்."

அந்தப் பதில் மேட்ரனுக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் நிபந்தனை போட்டார். மூன்று மாதம் சாலோமியின் கீழ் பயிற்சி. இருபது சுகப்பிரசவம் தன் கையால் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் சாலோமியின் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் அந்தப் பிரிவில் நிரந்தரம்.

படிக்கிற காலத்தில் பார்த்த பிரசவங்கள் பதினோரு வருடத்துக்கு முந்தியவை. கை எல்லாவற்றையும் மறந்திருந்தது. இரண்டு விரலை விட்டுக் கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று சொல்லவும், வயிற்றைத் தடவித் தலை எங்கே முதுகு எங்கே என்று கண்டுபிடிக்கவும், அரைமணிக்கொரு தரம் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணித் தாளில் புள்ளி வைக்கவும், மூச்சுவிடாத குழந்தைக்கு முகமூடி வைத்துக் காற்று அடிக்க ரப்பர் பொம்மையில் பழகவும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். தலை வெளியே வரும்போது இழுக்கக்கூடாது என்பதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஐ.சி.யூ.வில் எல்லாமே அவசரம். "பைய, அக்கா, பைய. அது தானா வரும்," என்பாள் சாலோமி. முதல் ஆறு குழந்தைகளும் அப்படித்தான் வந்தன. வழுக்கி, சூடாக, உப்பும் இரும்பும் கலந்த வாடையோடு. அவள் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொள்வாள்.

ஏழாவதோடு அந்த நிம்மதி போயிற்று.

ஒன்பதாவது குழந்தை ஆண். அதன் இடது புறங்கையில் ஊசி போட்டு எடுத்த மாதிரி ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சதுரமாக, பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடம்போல் தோல் மங்கியிருந்தது. அவள் அந்தக் குழந்தைக்கு ஊசியே போடவில்லை. யாரும் போடவில்லை. பதினோராவதின் கன்னங்களில், வாயின் இரு ஓரத்திலிருந்தும் காதுவரைக்கும், செயற்கை மூச்சுக் குழாயை அசையாமல் கட்டும் நாடாவின் பள்ளம். ஒவ்வொரு தடவையும் தாய்மார்கள் பிள்ளையை வாங்கி முகத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குமே எதுவும் தெரியவில்லை. டெல்பின் மறுநாள் வார்டுக்குப் போய்ப் பார்ப்பாள். மறைந்திருக்கும். வெறும் ரோஜா நிறத் தோல். தொட்டால் சுருங்கும் சின்ன விரல்கள்.

அவளுக்கு உட்காரப் பிடிக்காமல் போயிற்று. பிரசவம் இல்லாத நேரத்தில் அலமாரியைத் திறந்து கத்திரிகளை எண்ணுவாள். மூடுவாள். மறுபடி எண்ணுவாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே தாமிரபரணி செம்மண் நிறத்தில் ஏறி வந்தது. கழுவிய தரையில் பினாயில் வாடைக்கு மேல் ஆற்றுச் சேற்றின் வாடை நின்றது. புருஷன் கிளமென்ட் கப்பல் வேலையில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். வீட்டில் தனியாகப் படுத்தால் தன் கால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல் இருக்கும். எழுந்து விளக்கைப் போட்டுப் பார்ப்பாள்.

பன்னிரண்டாவது குழந்தையோடு எல்லாம் மாறிப்போயிற்று.

அதன் கழுத்தின் வலப்பக்கத்தில் மூன்று தையல் புள்ளிகள். கழுத்து நரம்பில் போடும் பெரிய குழாயைத் தைத்து நிறுத்துகிற இடம். மூன்றாவது புள்ளியில் தோல் கிழிந்து 'ட' மாதிரி வளைந்திருந்தது.

அந்தக் கிழிசலை அவளுக்குத் தெரியும்.

ஜூன் மாதம். இரண்டாம் நம்பர் படுக்கை. மேலப்பாளையத்து ஜவுளிக்கடைக்காரர் அசன் முகம்மது. அவர் இறந்த பிறகு தையலை வெட்டியது அவள். மூன்றாவது தையல் வரவில்லை. சற்று பலமாக இழுத்தாள். தோல் கிழிந்தது. பெரிய தப்பில்லை, இறந்தவர்தானே என்று பஞ்சை ஒட்டி மூடினாள். 'ட' மாதிரி.

குழந்தை அழவில்லை. நன்றாக மூச்சுவிட்டது. நல்ல நிறம். கண்ணைத் திறந்து, பிறந்த குழந்தையின் கண் மிதப்பதுபோல் மிதக்காமல், நேராக அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. ஏதோ கேட்கப்போகிறவரைப் போல.

"அழவைங்கக்கா," என்றாள் சாலோமி.

டெல்பின் முதுகைத் தேய்த்தாள். அது அழுதது. அவள் மேலிருந்து பார்வையை எடுக்காமல் அழுதது.

மறுநாள் காலையில் மேட்ரனின் அறையில் போய் நின்றாள்.

"நான் திரும்ப ஐ.சி.யூ.வுக்கே போயிருதேன் மேடம்."

பார்வதியம்மாள் பேனாவை வைத்தார். "அங்கன உங்க எடத்துக்கு நஃபீஸத் வந்தாச்சு. அந்தப் பிள்ளை நல்லா செய்யுதா. பன்னெண்டு முடிச்சிட்டியோ, இன்னும் எட்டு. இப்பம் என்ன பயம்?"

"பயம்னு இல்ல மேடம்."

"பின்ன?"

சொன்னால் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். பத்து நாள் லீவு, தூக்க மாத்திரை, பிறகு எந்தப் பிரிவிலும் இடமில்லை. வேலையை விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் ஊரில் வீடு பாதி கட்டி நின்றது. தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

மேட்ரனிடம் அவள் முதல் மனுவிலும் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. ஆகஸ்டு மாதம், ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்த பாக்கியம் என்கிற ஐம்பத்திரண்டு வயதுக்காரி. சாயங்காலம் நாலரை மணி. டாக்டர் பார்த்தார், மானிட்டரில் கோடு நேராக ஓடுவதைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பொழுதடையுமுன் ஊர் சேரவேண்டும் என்று மகன்கள் வாசலில் வண்டியோடு நின்றார்கள். டெல்பின் எல்லாம் செய்து முடித்து, வெள்ளைத் துணியை முகத்தின் மேல் இழுத்து விட்டாள்.

அப்போது, வாய் இருக்கும் இடத்தில், துணி உள்ளே குழிந்தது.

ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. ஒரே முறை.

கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அறுபதுவரை எண்ணினாள். மறுபடி குழியவில்லை. துணியை விலக்கிப் பார்த்திருக்கலாம். டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். ஏ.சி. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். பக்கத்துப் படுக்கையில் ஒருவரின் மானிட்டர் அலறிக்கொண்டிருந்தது. காகிதத்தில் நேரம்கூட எழுதியாகிவிட்டது. "கொண்டு போங்க," என்றாள் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரிடம். அடுத்த வாரம் மனு கொடுத்தாள்.

பதிமூன்றிலிருந்து பத்தொன்பதுவரை அவள் குழந்தைகளைப் பார்க்காமலே வாங்கினாள். கண்ணைத் தாயின் முழங்காலில் வைத்துக்கொண்டு, கையால் மட்டும். துணியில் சுற்றி உடனே ஆயா கிரேஸிடம் கொடுத்துவிடுவாள். கையாலேயே தெரிந்தது. மணிக்கட்டில் கட்டிய தடம். நெஞ்சில் ஈ.சி.ஜி. வில்லைகள் ஒட்டியிருந்த வட்ட வட்டமான பிசுக்கு. ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தார்கள். சாலோமி கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள்.

"இன்னும் ஒண்ணுதாம்க்கா. பிறகு நீங்க எங்காளு."

அந்த ஒன்று, ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. சபீதா. இருபத்தாறு வயது, இரண்டாவது பிரசவம், நிறைமாதம். வெளியே பெஞ்சில் புருஷன் ஷேக் மைதீன் நனைந்த குடையோடு உட்கார்ந்திருந்தான். சபீதா அதிகம் அலட்டவில்லை. வலி வரும்போது கண்ணை மூடுவாள், போனதும் டெல்பினைப் பார்த்துச் சிரிப்பாள்.

மழையில் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஓர் அவசர ஆபரேஷனுக்குச் சாலோமியைத் தியேட்டருக்குக் கூப்பிட்டார்கள்.

"ஆறு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கு. நான் வந்துருவேன். வலி கூடிச்சின்னா கிரேஸ அனுப்புங்க."

கதவு ஆடி நின்றது. டெல்பின் கருவியைச் சபீதாவின் வயிற்றில் வைத்து இதயத் துடிப்பைத் தேடினாள். குதிரை ஓடுகிற மாதிரி தடதடவென்று கேட்டது. நூற்று நாற்பத்திரண்டு. தாளில் புள்ளி வைக்கக் குனிந்தாள். நிமிர்வதற்குள் அது மாறியிருந்தது.

தொண்ணூற்றாறு. எண்பது. எழுபத்திரண்டு.

எழுபத்திரண்டில் நின்றது.

தாயின் துடிப்பைத் தப்பாகப் பிடித்திருக்கும். சபீதாவின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். நூற்று நான்கு. அதுவல்ல. இது நிதானமாக, கனமாக, ஓய்வாகப் படுத்திருக்கும் ஒரு பெரிய ஆளின் நெஞ்சுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

"கிரேஸ் அக்கா, தியேட்டருக்கு ஓடுங்க. சாலோமியக் கூப்பிடுங்க. துடிப்பு இறங்கிட்டுன்னு சொல்லுங்க."

கிரேஸ் ஓடினாள். செருப்புச் சத்தம் நடையில் தேய்ந்து போயிற்று. டெல்பின் சபீதாவை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். முகத்தில் ஆக்சிஜன் வைத்தாள். கைகள் பழக்கத்தில் வேலை செய்தன.

"என்னாச்சு சிஸ்டர்?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லா மூச்சு இழுத்து விடுங்க."

"உள்ள நல்லாத்தான் இருக்கு. இப்பந்தான் நல்லா இருக்கு," என்றாள் சபீதா.

எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு.

குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கவேண்டும். டெல்பின் உள்ளங்கையை வயிற்றில் வைத்தாள். மேலே புட்டம் இருக்கவேண்டிய இடம். இல்லை. பக்கவாட்டில் முதுகு. அதுவும் இல்லை. தோலுக்கு அடியில் ஏதோ மெதுவாக நகர்ந்து அவள் கைக்கு நேராக வந்தது. குதிகால் என்று நினைத்தாள். சின்ன முழங்கால் என்று நினைத்தாள்.

அது விரிந்தது.

ஐந்து மேடுகள். நீளமாக. கணுக் கணுவாக. அவள் உள்ளங்கைக்கு நேர் உள்ளங்கையாக. அவள் கையைவிடச் சற்றுப் பெரியது.

பாக்கியத்தின் வாய்க்கு மேல் துணி குழிந்தது டெல்பினுக்கு நினைவு வந்தது. கையை எடுக்கப் போனாள்.

விரல்கள் மடங்கின. வயிற்றுத் தோலோடு சேர்த்து அவள் விரல்களைப் பற்றின. ஒவ்வொன்றாக. அவசரமில்லாமல்.

இழுத்தாள். வரவில்லை. காலைக் கட்டிலில் ஊன்றி இழுத்தாள். சபீதாவின் வயிறு முழுக்க அவள் பக்கம் சாய்ந்தது. வலிக்கவில்லை போலும். சபீதா ஆக்சிஜன் முகமூடிக்குள் சிரித்தாள்.

"பிள்ளை உங்கள விடமாட்டேங்குது சிஸ்டர்."

நடையில் யாரும் வரவில்லை. மழை. எழுபத்திரண்டு.

அடுத்த வலி ஏறியது. வயிறு கல்லாக இறுகியது. சபீதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கத் தொடங்கினாள். டெல்பினின் கை மணிக்கட்டுவரை அந்தத் தோலுக்குள் அமுங்கியிருந்தது. மறுபக்கம், விலாவுக்குக் கீழே, இரண்டாவது கை விரல் விரலாக எழும்பி அவளைத் தேடி வந்துகொண்டிருந்தது.