வீடு திரும்பும் பட்டன்

"ஐயோ...!"

வாட்ச்மேனின் அலறல் மூன்று மாடிக்கும் கேட்டது.

சாயங்கால டீயோடு பால்கனியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் டீயைக் கொட்டினார்கள்.

கீழே, கார் ஷெட்டை ஒட்டி, 'இங்கே எதையும் போடக் கூடாது - செயலாளர்' என்று சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்த இடத்தில்...

செயலாளரே கிடந்தார்!

குப்புற. ஒற்றைச் செருப்போடு. உயிர் இல்லாமல்.

அந்த அடுக்குமாடியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'ரூல்ஸ்' என்றால் போதும். லிஃப்டில் சத்தமாகப் பேசக் கூடாது, படியில் செருப்பு தேயக் கூடாது, பால்கனியில் உள்ளாடை காயக் கூடாது... அவர் போடாத ரூல் இல்லை. போட்ட ரூலை அவரே மீறியது இதுதான் முதல் தடவை.

*

இன்ஸ்பெக்டர் மொட்டை மாடிக்கு ஏறி வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். வாய் மட்டும் இன்னும் இருபதிலேயே இருந்தது.

"எங்கேர்ந்து விழுந்தாரு?"

"இங்கேர்ந்துதான் மேடம்." ஏட்டு கைப்பிடிச் சுவரைக் காட்டினார். சுவர் முட்டி உயரம்தான் இருந்தது.

"என்ன ஏட்டு இது? பூனை தடுக்கி விழுற உயரத்துல கட்டியிருக்காங்க?"

"உயர்த்திக் கட்டணும்னு எல்லாரும் கேட்டிருக்காங்க மேடம். கட்டடத்தோட அழகு கெடும்னு இவர்தான் விடலையாம்."

"நல்லா வந்துச்சு அழகு!"

சுவரோரம் ஒரு நீளக் கம்பு கிடந்தது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன யந்திரம், நான்கு கைகளோடு, ஒரு கேமராவோடு, மல்லாந்து கிடந்தது. ஒரு இறக்கை ஒடிந்திருந்தது. இன்னொன்றில் ரத்தம்.

"ட்ரோன் மேடம். என் மச்சினி கல்யாணத்துல இது தலைக்கு மேலயே சுத்துச்சு. ஆல்பம் வந்தப்புறம் பாத்தா, பக்கத்துக்குப் பக்கம் என் வழுக்கைதான்!"

"அதையும் எவிடென்ஸா வச்சுக்கலாம். இதுல நம்பர் எங்க? ஒவ்வொண்ணுக்கும் பதிவு நம்பர் இருக்கணுமே?"

"யாரோ சுரண்டி எடுத்துட்டாங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தாள். செத்தவரின் முகத்தில் இருந்த கீறல்கள் அவள் கண்ணுக்குள் வந்து போயின. காற்று அடித்துத் தவறி விழுந்ததல்ல. யாரோ இதை வேண்டுமென்றே அவர் முகத்துக்கு நேராக விரட்டியிருக்கிறார்கள்!

"இந்த பில்டிங்ல ட்ரோன் யார்கிட்ட இருக்கு?"

எல்லா விரலும் ஒரே கதவை நோக்கி நீண்டன.

*

கதவைத் திறந்தவள் ஒரு போட்டோகிராபர். முப்பது இருக்கும். நெற்றியில் கண்ணாடி, கையில் கேமரா துடைக்கும் துணி.

"மேடம், நான் இல்ல!"

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையேம்மா!"

"கீழ எல்லாரும் என்னைத்தானே கை காட்டினாங்க! என் ட்ரோன் உள்ள பெட்டியில இருக்கு. வந்து பாருங்க."

இருந்தது. அதே நிறம், அதே மாடல், பளிச்சென்று பதிவு நம்பரோடு.

"ரெண்டாவது ஒண்ணு வாங்கி நம்பரைச் சுரண்டியிருக்கலாமில்ல? செத்தவரு உங்க மேல எத்தனை புகார் குடுத்திருக்காருன்னு தெரியுமா?"

"தெரியும். வாரத்துக்கு ஒண்ணு! சாயங்காலமானா ஒரு ட்ரோன் மொட்டை மாடியைச் சுத்துது, அது என்னுதுதான்னு. நான் இங்க பறக்க விட்டதே இல்ல மேடம்! பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினவ நான். அனுமதி இல்லாம எழுப்ப மாட்டேன். ஆளுங்க தலைக்கு மேல கொண்டு போக மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு அனுப்பவே மாட்டேன்."

"இது தலைக்கு மேல போகலைம்மா. மூஞ்சிக்கு நேரா போயிருக்கு!"

அவள் கண் கலங்கியது.

"நேத்து வரைக்கும் லைசென்ஸ் போயிடுமோன்னு பயந்தேன். இப்ப நானே உள்ள போயிடுவேன் போலிருக்கு..."

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. மறுமுனையில் டி.எஸ்.பி.

"என்னம்மா, ட்ரோன்காரி கிடைச்சாச்சாமே? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ரிமாண்ட் பண்ணிடு. டி.வி.க்காரன் கேட்டை உடைக்கிறான்!"

"சார், இன்னும் கொஞ்சம்..."

போன் வைக்கப்பட்டுவிட்டது!

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டாள். இந்தப் பெண் பேசும்போது கூட கேமராவின் கண்ணாடியில் விரல் படாமல் பிடிக்கிறாள். இவளா நம்பரைச் சுரண்டியிருப்பாள்? மனசு ஒப்பவில்லை. மனசு ஒப்பவில்லை என்று கோர்ட்டில் சொன்னால் ஜட்ஜ் சிரிப்பார்.

"இதை எப்படி ஓட்டறதுன்னு எனக்குச் சொல்லித் தாங்க. இது என்ன பட்டன்? வீடு படம் போட்டிருக்கு?"

"அது வீட்டுக்குத் திரும்பற பட்டன் மேடம். அழுத்தினா தானா திரும்பி வந்துடும். ஆனா வீடுன்னா..."

அவள் விளக்கினாள். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே வந்தாள். பாதியில் அவள் உதட்டில் ஒரு சிரிப்பு முளைத்தது.

*

இரண்டாவது மாடி. ரூல்ஸின் வீடு.

மனைவி சோபாவின் ஓரத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் தங்கியிருப்பவன். அக்கா புருஷன் அவனுக்கும் ஒரு ரூல் போட்டிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரலாம்.

"சம்பவம் நடந்தப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"எதிர்ல பார்க்ல. தினமும் அந்த நேரத்துல அந்த பெஞ்ச்லதான் உக்காருவேன். குனிஞ்சு போன் பாத்துட்டிருந்தேன். வாக்கிங் போனவங்க எல்லாரும் பாத்தாங்க."

"அந்த ட்ரோனை முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"எனக்கு அதெல்லாம் என்னன்னே தெரியாதுங்க. டி.வி. ரிமோட்ல சவுண்டு வைக்கக் கூட அவர்தான் வரணும்."

"மொட்டை மாடிக்குப் போவீங்களா?"

தம்பி குறுக்கிட்டான். "அக்கா போனதே இல்ல மேடம். பொம்பளைங்க மொட்டை மாடிக்குப் போகக் கூடாதுன்னு மாமா ரூல்!"

ஏட்டு வீடு முழுக்கத் தேடிவிட்டு வந்தார். பீரோ, கட்டிலடி, பரண்... ட்ரோனின் ரிமோட் எங்கேயும் இல்லை. போட்டோகிராபரின் வீட்டிலும் அவளுடையது ஒன்றைத் தவிர வேறு கிடைக்கவில்லை.

"காலையில எல்லாரும் மாடிக்கு வந்துடுங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். "ரூல் போட்டவர்தான் இல்லையே!"

*

காலை. மொட்டை மாடி.

குடியிருப்பவர்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். ரூல்ஸின் மனைவி தம்பியின் கையைப் பிடித்தபடி படியேறி வந்தாள். வந்தவள் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அழ வேண்டும் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்தே போனாள்.

போட்டோகிராபர் ஒடிந்த இறக்கையைக் கழற்றிவிட்டுத் தன்னிடமிருந்த உபரி இறக்கையை மாட்டினாள். புது பேட்டரி போட்டாள். தன் ரிமோட்டை அதோடு இணைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இந்த ட்ரோன் யாருதுன்னு நாம மண்டையை உடைச்சுக்க வேண்டாம். இதுவே சொல்லிடும். இந்த பட்டன்ல வீடு படம் இருக்கு பாத்தீங்களா? அழுத்தினா, இது முதன்முதலா எந்த வீட்டுலேர்ந்து கிளம்பிச்சோ, அந்த வீட்டு வாசல்ல போய் இறங்கும். வளர்த்த நாய்க்குட்டி மாதிரி!"

கூட்டம் வாயைப் பிளந்தது.

போட்டோகிராபர் ஏதோ சொல்ல வருவது போல உதட்டை அசைத்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஜீப் ரெடியா ஏட்டு?"

"ரெடி மேடம். அது மேல பறக்கும், நாம கீழ பறப்போம்!"

"எழுப்புங்கம்மா!"

விர்ர்ர்ர்...!

ட்ரோன் தரையை விட்டுக் கிளம்பியது. தலைக்கு மேல் போனது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது.

இன்ஸ்பெக்டர் ரிமோட்டைக் கையில் வாங்கி, கட்டை விரலை ஓங்கினாள்.

"பட்டனை அழுத்தப் போறேன்... ஒண்ணு... ரெண்டு..."

தடதடவென்று ஒரு சத்தம்!

தம்பி ஓடினான்! படிக்கட்டை நோக்கி, முன்னால் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

"பிடிங்க அவனை!"

ஏட்டு பாய்ந்தார். இருவரும் துணி காயும் கொடியில் சிக்கி, யாருடைய போர்வையோடோ உருண்டார்கள்.

"நான் கொலை பண்ணலை சார்! அது என் ரூமுக்குத்தான் வரும்! முதன்முதலா என் மாடியிலதான் பறக்க விட்டோம்! வாங்கிக் குடுத்தது மட்டும்தான் நான்! ஐயோ, அங்க வந்து இறங்கினா என் வேலையே போயிடுமே...!"

"டேய் மடையா!"

பின்னாலிருந்து ஒரு குரல். கோபத்தில் கொதித்த குரல்.

"ஓடாதடா! அது எப்படிடா அங்க வரும்? ஒவ்வொரு தடவையும் எங்கேர்ந்து எழும்புதோ அதுதான்டா அதுக்கு வீடு! இங்கேர்ந்து எழுப்பினா இங்கேயேதான்டா இறங்கும்! எத்தனை தடவை உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்...!"

பேச்சு சட்டென்று நின்றது.



எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டி.வி.யில் சவுண்டு வைக்கத் தெரியாத அந்த அம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் பட்டனை அழுத்தினாள். ட்ரோன் திரும்பி வந்தது. கிளம்பிய அதே இடத்தில், மாடித் தரையில், சமர்த்தாக உட்கார்ந்தது.

"கரெக்டா சொன்னீங்கம்மா. இங்கேயேதான் இறங்குது. நான் சொன்னது பச்சைப் பொய். ட்ரோன் தெரிஞ்சவங்க யாராலயும் இதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியாதுன்னு இந்தப் பொண்ணு சொன்னா. வாயைத் திறக்கக் கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம், நாக்கைக் கடிச்சுட்டு நின்னா!"

போட்டோகிராபர் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ராத்திரி முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை.

"அக்கா...!" போர்வைக்குள்ளிருந்து தம்பி கதறினான். "என்னாலயா மாட்டிக்கிட்ட?"

"நீ மாட்டிக்கிடுவியேன்னுதான்டா கத்தினேன்" என்றாள் அவள்.

பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். இப்போது அவள் கண்ணில் ஈரம் இல்லை.

"ஒரே ஒரு தடவை மேல நின்னு பாக்கணும்னு ஆசைப்பட்டேன். கல்யாணமாகி வந்த புதுசுல கேட்டேன். பொம்பளைக்கு மாடியில என்ன வேலைன்னாரு. அதான் இவன்கிட்ட சொல்லி இதை வாங்கினேன். பார்க் பெஞ்ச்ல உக்காந்து, பின்னாடி புதர் மறைவுலேர்ந்து இதை எழுப்பி, ரிமோட்டைப் பையில மறைச்சு வச்சு, கேமரா காட்டறதை போன்ல பாத்துக்கிட்டே தினம் மேல போயிட்டு வந்தேன். எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுங்களா? நம்ம தெரு, அந்த மரம், ரயில் போற பாலம்..."

"அப்புறம்?"

"நேத்து அவர் கம்போட காத்துட்டிருந்தாரு. அடிச்சு உடைக்கப் போறேன்னு ஓங்கினாரு. அதுல என் முகமே இருக்கிற மாதிரி ஓங்கினாருங்க! நான் விலக்கிக் கொண்டு போயிருக்கலாம். போகலை. முன்னாடி தள்ளினேன். அவர் பின்னாடி போனாரு. சுவர் இருக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன்."

மூச்சு விட்டாள்.

"கண்ணை விட்டு அகலாம பறக்க விடணும்னு ரூல் இருக்காமே. நான் கடைசி வரைக்கும் கண்ணை எடுக்கவே இல்லைங்க."

ஏட்டு போர்வையை உதறிவிட்டு எழுந்தார். "ரிமோட் எங்கம்மா? வீட்டைத் தலைகீழாப் புரட்டினேனே!"

"வாஷிங் மெஷின்ல."

"வாஷிங் மெஷின்லயா! அங்க நான் பாக்கவே இல்லையே...!"

"தெரியும் சார். எந்த ஆம்பளையும் கை வைக்காத இடம்னுதான் அங்க வச்சேன்."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். போட்டோகிராபரின் தோளைத் தட்டினாள்.

"எழுந்திரும்மா. நீ வீட்டுக்குப் போகலாம். ஏட்டு மாதிரியே அந்த டி.எஸ்.பி.க்கும் வழுக்கைதான். போய் அதை ஒரு போட்டோ எடுத்துக் குடு, மேலேர்ந்து!"

தம்பியை இன்னொரு ஜீப்பில் விசாரணைக்கு ஏற்றினார்கள். அவனுக்கு நம்பர் சுரண்டியதற்குத் தனிக் கணக்கு இருந்தது.

கேட்டருகே ஜீப்பில் ஏறும்போது ரூல்ஸின் மனைவி மொட்டை மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப என்னை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"வீடு பட்டனை அழுத்தியாச்சும்மா" என்றார் ஏட்டு. "ஆனா போறது மாமியார் வீட்டுக்கு!"

"அங்கயும் ரூல்ஸ் நிறைய இருக்குமா?"

"இருக்கும்மா, சாப்பிட, தூங்க, குளிக்க... எல்லாத்துக்கும்!" கதவைச் சாத்தினாள் இன்ஸ்பெக்டர். "ஆனா ஒரு வசதி... அங்க எந்த ரூலையும் உங்க வீட்டுக்காரர் சொல்ல மாட்டாரு!"