உச்சித் தொட்டியின் நீல மினுக்கு

தினமும் காலை எட்டு மணிக்கு அருளப்பன் பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்காவின் மொட்டைமாடிக்குப் படியேறி, கறுப்புத் தொட்டியின் முத்திரையைத் தடவிப் பார்த்து, கதிரளவியை வாசிப்பான். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. சொந்தக் கல்யாணத்தன்றுகூட மாலையோடு ஏறி வாசித்துவிட்டுத்தான் தாலி கட்டினான். மணப்பெண் ஜெசிந்தா கீழே நின்று, "இன்னிக்கு எவ்வளவு?" என்று கத்தியதாக ஊரில் பாதிப்பேர் சத்தியம் செய்வார்கள். மீதிப்பேர், அவளும் ஏறினாள் என்பார்கள்.

பூமியின் காந்தக் கவசம் மெலிந்த பிறகு ஊருக்கு ஊர் இந்தத் தொட்டிகள் வந்துவிட்டன. கதிரைத் தடுக்க வீடுகளுக்குத் தண்ணீர்க்கூரையும் வந்தது. தொட்டிக்குள் கும்மிருட்டு. அண்டக்கதிர் ஒன்று காற்றில் மோதிச் சிதறி உள்ளிருக்கும் தண்ணீரைத் துளைத்தால் நீலமாய் ஒரு மினுக்கு. அதை டிடெக்டர் எண்ணிவிடும். உதகையின் உச்சியில் இருப்பதால், சமவெளித் தொட்டிகளுக்கு எட்டாததும் இதற்கு எட்டும். இதில் எண் சிவப்பானால் நிலவிலிருந்து கப்பல் கிளம்பாது.

அன்று எண் சிவப்பில் நின்றது. சூரியன் சீறத் தொடங்கியிருந்தது.

அருளப்பன் மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்த்தான்; அதே சிவப்பு. பத்து மணிக் கப்பலில் ஜெசிந்தா நிலவிலிருந்து ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. ஓர் ஆளுக்கு ஆயுளுக்கும் இவ்வளவுதான் கதிர் என்பது சட்டம். 'கதிர்க்கொடுப்பினை' என்று அதற்குப் பெயர். ஏழு வருஷம் நிலவில் சுரங்கம் தோண்டியதில் அவளுடையது தீர்ந்துபோய், அமைதியான வானத்தில் ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் மிச்சமிருந்தது. அடுத்த கப்பல் ஆறு மாதம் கழித்து. அதற்குள் அங்கே இருப்பதிலேயே அதுவும் கரைந்துவிடும்.

பின்னாலேயே ஏறி வந்த அக்கா எண்ணைப் பார்த்தாள்.

"தொட்டி பழுதுன்னு எழுதுங்க தம்பி, சமவெளித் தொட்டிகளப் பாத்துக் கப்பல விட்டுருவாங்க. நான்தான் மூடியத் திறந்து மோர்ச்சட்டிய உள்ள வச்சேன். வெளிச்சம் புகுந்துருச்சு."

"முத்திரை உடையலையேக்கா."

"இதோ, இப்ப உடையும்!" அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு செங்கல் ஒன்றைத் தூக்கினாள். இமயமலையையே பெயர்த்துவிடும் ஆவேசம்.

"அக்கா, வேணாம். நான் பழுதுன்னு எழுதினா, நாலு நாள் பயணமும் அவ இந்தச் சீற்றத்துக்குள்ளதான் வரணும்."

செங்கல் மெல்லக் கீழிறங்கியது.

'கப்பல் கிளம்பக் கூடாது' என்று பதிந்துவிட்டு அருளப்பன் ஜெசிந்தாவை அழைத்தான். நிலவுக்குப் பேச்சு போய்வர மூன்று விநாடி. சண்டை போடவும் காத்திருக்க வேண்டும்.

"நீங்கதானே எழுதுனீங்க?" என்றாள் அவள்.

"நான்தான்."

"வேற யாராச்சும் எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்." பெட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "இனிமே நான் அங்க வரவே முடியாதுங்க."

"கப்பல் இங்கேருந்தும்தானே கிளம்புது? என் கொடுப்பினை முழுசாக் கெடக்குது."

ஒன்று, இரண்டு, மூன்று.

"ஏணியில ஏறுனாலே உங்களுக்குத் தலை சுத்துமே!"

"கண்ண மூடிக்கிட்டு வாரேன்."

"வந்துட்டுத் திரும்பிப் போயிருவீங்களா?"

"எதுக்கு?"

மூன்று விநாடி கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"வரும்போது புதினா ரெண்டு கொத்து, வேரோட எடுத்துட்டு வாங்க. இங்க இருக்கறது சோப்பு மாதிரி இருக்கு."

கப்பலுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. நூர்ஜகான் அக்கா அப்போதே மண்வெட்டியைத் தேடிக் கீழே இறங்கினாள்.