துணி போர்த்திய கூண்டு

தையல்காரி அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது சாவியோடு ஒரு பூனையும் சேர்ந்து வந்தது. கொல்லைச் சுவரில் வாழும் சாம்பல் நிறத் தெருப்பூனை. யாருக்கும் அடங்காது.

முன்பு அங்கே இருந்த டீச்சர் ஆறு வருடம் அதற்குச் சாப்பாடு போட்டவர். சாயங்காலம் பின்படியில் உட்கார்ந்து, கிண்ணத்தின் விளிம்பில் கரண்டியால் மூன்று முறை தட்டுவாராம். அதே படியில்தான் ஒரு நாள் சாய்ந்து உயிரை விட்டார். அந்தக் கரண்டியை மட்டும் காணவில்லை என்று பக்கத்து வீட்டம்மா சொன்னாள்.

தையல்காரியும் கிண்ணம் வைத்தாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் பூனை இறங்கும். கை நீட்டினால் சீறும். ஆனாலும் அதன்மேல் அவள் உயிரையே வைத்திருந்தாள். தனிக்கட்டைக்கு அந்தச் சீறலும் ஒரு பேச்சுத்துணைதானே.

வீட்டுச் சொந்தக்காரர் வந்து அதிலும் மண்ணைப் போட்டார்.

"சனிக்கிழமைக்கு அப்புறம் அந்தப் பூனை கொல்லையில என் கண்ணுல படக்கூடாது. பட்டா விஷம் வச்சிருவேன், ஆமா."

அவள் அலறியடித்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினாள். அவர் ஒரு கம்பிக் கூண்டைக் கொடுத்தார்.

"கதவைத் தூக்கிக் கட்டி வச்சு, நாலு நாள் உள்ளேயே சாப்பாடு போடுங்க. அஞ்சாம் நாள் கட்டை அவுத்துடுங்க. பூனை உள்ள மிதிச்சதும் கதவு தானா விழும். உடனே துணி போர்த்தி இங்க தூக்கிட்டு வாங்க. வேற இடம் நான் பாக்கறேன். ஆனா ஒண்ணும்மா, வீட்டுக்குள்ள மட்டும் திறந்துடாதீங்க. மூலையில பூந்துட்டா அப்புறம் வெளியேத்தவே முடியாது."

நான்கு நாளும் பூனை கூண்டுக்குள் போய்ச் சமர்த்தாகச் சாப்பிட்டது. வெள்ளிக்கிழமை கட்டை அவிழ்த்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் காத்திருந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

டமால்.

ஓடிப்போய், நகத்துக்குப் பயந்து முகத்தைத் திருப்பியபடியே போர்வையை வீசினாள். கூண்டைத் தூக்கினாள். நல்ல கனம். ஆனால் உள்ளே துள்ளலும் இல்லை, சீறலும் இல்லை.

தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள்.

பூனை சுவர்மேல் இருந்தது.

மயிர் சிலிர்க்கக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

போர்வைக்குள்ளிருந்து கம்பியை ஏதோ தட்டியது.

டிங். டிங். டிங்.

பூனையின் மயிர் மெல்லப் படிந்தது. சுவரிலிருந்து குதித்து வந்து, போர்வையில் கன்னத்தைத் தேய்த்தது. அது யாரிடமும் அப்படிக் குழைந்து அவள் பார்த்ததில்லை.

கூண்டைப் போட்டுவிட்டு ஓடத்தான் கால் துடித்தது. ஆனால் விடிந்தால் சனிக்கிழமை. கூண்டு போகிற இடத்துக்கு இதுவும் வரும். வீட்டுக்குள் வந்துவிட்டால் விஷத்துக்குத் தப்பிவிடும். அவளுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு கூண்டைச் சமையலறைக்குத் தூக்கி வந்தாள். பூனை காலோடு கால் ஒட்டி வந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போர்வையை இழுத்தாள்.

கூண்டு காலி. நடுவில் ஒரு கரண்டி மட்டும் கிடந்தது.

"அட, இவ்வளவுதானா!" என்று சிரித்தே விட்டாள். கரண்டியை எடுப்பதற்காகக் கூண்டின் கதவைத் தூக்கினாள்.

அவள் மணிக்கட்டை உரசிக்கொண்டு ஏதோ வெளியே வந்தது.

சில்லென்று இருந்தது. சாக்பீஸ் தூள் வாசனை அடித்தது. பூனை வாலை நிமிர்த்திக்கொண்டு, யாருடைய காலையோ சுற்றிச் சுற்றி உள்ளறைக்குப் போனது.

வைத்தியர் சொன்னது அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது.

கொல்லைக்கு ஓடினாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். கத்த வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு சாண் திறந்தது. பின்படிக்குக் கிண்ணம் ஒன்று நகர்ந்து வந்தது. அவள் மத்தியானம் சமைத்து மூடி வைத்திருந்த சாப்பாடு. ஆவி பறந்தது.

டிங். டிங். டிங்.

அவள் அசையவில்லை.

அவள் பயப்படாமல் வந்து சாப்பிடட்டும் என்பதுபோல, கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.